வீட்டுக்காரருக்கு 'ஹீ'யா, 'தே'யா?

மத்தியானம் ரெண்டு மணிக்கு, வயிறு நெறைய சாப்பிட்டுட்டு வந்த பொம்பளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறதைவிட, தூங்கற குழந்தைக்கு வெளக்கெண்ணெய் புகட்டறது சுலபம். நீங்களும் சாக்பீஸ் புடிச்சுத் தொண்டை கட்டினவங்கன்னா இதுக்கு மேல படிக்கவே வேண்டாம், தலையாட்டிட்டுப் போய்ப் படுத்துக்கோங்க. மத்தவங்க கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

எழுபதுகளோட ஆரம்பம். தி. நகர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சந்து, சந்துல ஒரு மாவு மிஷின், மிஷினுக்கு மேல மாடியில எங்க டுட்டோரியல். காலையிலயும் சாயங்காலமும் எஸ்.எஸ்.எல்.சி.யில ஃபெயிலான பசங்களுக்கு க்ளாஸ். நடுவுல பெஞ்செல்லாம் சும்மா கெடக்குதேன்னு முதலாளிக்கு வயித்தெரிச்சல். 'பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ்'னு ஒரு போர்டை மாட்டி, சாந்தோம்ல சிவனேன்னு இருந்த என்னைப் புடிச்சு அதுல போட்டாரு. சிவனேன்னு நான் சொல்றதைக் கேட்டா எங்க பங்குச் சாமியார் என்ன சொல்வாரோ, வாயில வந்துடுச்சு. பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பி, குழம்பை எறக்கி வெச்சுட்டு, பஸ்ஸுல தொங்கிட்டு ஓடுவேன். என் பேரு ஸ்டெல்லா. அங்க அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை, டீச்சர்தான். படிக்க வந்தவங்கள்ல பாதிப் பேர் என்னைவிடப் பெரியவங்க.

ரெண்டே ரெண்டு வார்த்தை

இங்கிலீஷ்ல எவ்வளவோ கஷ்டமான சமாசாரம் இருக்கு. அதெல்லாம் எங்க க்ளாஸ்ல கஷ்டமா இல்லை. எங்களைக் கொன்னது 'ஹீ', 'தே' ரெண்டும்தான். 'ஹீ'ன்னா ஒரு ஆம்பளை. அவர் ராஜாவா இருந்தாலும் சரி, ரிக்‌ஷா மிதிச்சாலும் சரி, இங்கிலீஷ்காரனுக்கு 'ஹீ'. 'தே'ன்னா ஒண்ணுக்கு மேல. ஹீ இஸ், தே ஆர். ஹீ கோஸ், தே கோ. முடிஞ்சுது பாடம். ஆனா நம்ம பாஷையில 'அவங்க'ன்னா கூட்டத்துக்கும் அவங்கதான், மரியாதைப்பட்ட ஒருத்தருக்கும் அவங்கதான். வீட்டுக்காரரை 'ஹீ'ன்னு சொன்னா இவங்க காதுல 'அவன்'னு விழுது. அதனால 'மை ஹஸ்பண்ட்'னு எந்த வாக்கியத்தை ஆரம்பிச்சாலும் 'தே'யிலதான் போய் முடிப்பாங்க.

கடைசி பெஞ்சுல கோமதின்னு ஒருத்தி. அசோக் நகர்லேர்ந்து வருவா. அவ வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு கம்பெனியில லேத் ஓட்டிட்டிருந்தவர், நெஞ்சு வலின்னு உட்கார்ந்தவர் அப்படியே போயிட்டாரு. ரெண்டு பொண்ணுங்க, ஸ்கூல் போறதுங்க. கம்பெனியில வாசல்ல உட்கார்ந்து போன் எடுக்கற வேலை ஒண்ணு காலியா இருந்துச்சு. மேனேஜர் வடக்கேர்ந்து வந்தவர், தமிழ் ஒரு எழுத்து வராது. தன்கிட்ட வந்து இங்கிலீஷ்ல பேசிக் காட்டினா வேலையை இவளுக்கே தரேன்னு சொல்லியிருந்தாரு. பேச வரலைன்னா அரக்கோணம். அங்க அவளோட மூத்தார், அதாவது வீட்டுக்காரரோட அண்ணன், பெரிய குடும்பமா இருந்தாரு. அந்த வீட்டு அடுப்படியில போய் நின்னா அப்புறம் வெளிய வர முடியாது, பொண்ணுங்க படிப்பும் அதோட சரி. இவ்வளவையும் மொத நாளே சொல்லிட்டா. மேனேஜர் நிச்சயம் கேப்பாருன்னு, "வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வாக்கியம் சொல்லும்மா"ன்னேன். "தே டைடு"ன்னா. 'ஹீ'ன்னு சொல்லணும்மான்னு எடுத்துச் சொன்னேன். நோட்டை மூடி வெச்சுட்டு சொன்னா: "உயிரோட இருக்கறப்பவே அவங்களை அவன்னு சொன்னதில்லை டீச்சர். செத்தப்புறம் சொல்லச் சொல்றீங்களே?"

மொளகா அரைக்கற நாள்

கீழ மாவு மிஷின்னு சொன்னேன் இல்லையா? அரிசி அரைச்சா வெறும் சத்தம். கோதுமை அரைச்சா சத்தமும் தூசியும். மொளகா அரைச்சா நாங்க மேல சாகணும். வத்தலைக் காய வெச்சு, மாசம் பொறந்ததும் அரைக்க எடுத்துட்டு வருவாங்க பாருங்க, அந்த நாளெல்லாம் க்ளாஸே தும்மல்லதான் நடக்கும். எங்க அம்மா இருந்தவரைக்கும் கையாலயே இடிப்பாங்க, அந்த வாசனையே வேற... அதை விடுங்க.

அப்படி ஒரு நாள் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். யோசிக்க விடாம வேகமா கேட்டா நாக்கு தன்னால திரும்பிடும்னு நெனப்பு. "பால்காரர்?"னு கத்துவேன். "ஹீ!"ம்பாங்க. "கண்டக்டர்?" "ஹீ!" "உங்க பையன்?" "ஹீ!" அதே வேகத்துல "ஹஸ்பண்ட்?"னேன். மிஷினும் அந்த நேரம் பார்த்து நின்னுச்சு. மேல ஒரு சத்தம் இல்லை. ஒருத்தி தும்மினா, அவ்வளவுதான். நானும் விடலை. முதல்லேர்ந்து பால்காரர், கண்டக்டர்னு ஆரம்பிச்சு, கண்ணுல தண்ணி வழிய வழியக் கத்தினேன். மிஷின்காரர் ஏழுமலை, தலை மீசையெல்லாம் மாவா, பாதிப் படி ஏறி வந்து எட்டிப் பார்த்தாரு: "இன்னா டீச்சர், அல்லாரும் ஹீ ஹீ ஹீன்னு சிரிச்சிக்கினே கீறீங்க? அப்பிடி இன்னா தமாசு, நமக்கும் சொல்றது!"

சாமிக்கு ஒண்ணு, ஆத்துக்காரருக்கு ஒண்ணு

மயிலாப்பூர்லேர்ந்து பட்டம்மா மாமி வருவாங்க. பையன் அமெரிக்காவுல. அங்க போய் இருக்கறதுக்காக இங்கிலீஷ். டிக்கெட்டே இன்னும் வரலை, மாமி ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சாச்சு. க்ளாஸ்லயும் ஊசியும் நூலுமாத்தான் உட்கார்ந்திருப்பாங்க. அந்த ஸ்வெட்டர் கதை பெரிய கதை. கைய நீட்டி அளவு பாக்கறதுக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க, அந்தப் பையனுக்கும் எனக்கும் ஒரே தோளாம்.

ஒரு நாள், உங்களுக்குப் புடிச்சவங்களைப் பத்திப் பேசுங்கன்னு சொன்னேன். மாமி ஊசியைக் கீழ வெச்சுட்டு எழுந்தாங்க. "மை காட் இஸ் முருகா. ஹீ இஸ் வெரி ஸ்மால் பாய். ஹீ ஸிட்ஸ் ஆன் பீகாக். ஹீ கிவ்ஸ் மீ எவ்ரிதிங்." 'ஹீ'யில ஒரு தப்பு இல்லை! எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதே மூச்சுல, "நௌ, மை ஹஸ்பண்ட். தே ஆர் ஸ்லீப்பிங். தே ஆர் ஸ்னோரிங்"னாங்க. ஒரே ஒரு மனுஷன் கொறட்டை விடறதை ஒரு சத்திரமே விடற மாதிரி ஆக்கிட்டாங்களேன்னு நான் ஓஞ்சே போயிட்டேன். "மாமி, சாமியையே 'ஹீ'ங்கறீங்க, வீட்டுக்காரரைச் சொன்னா என்ன?"ன்னேன். மாமி ஊசியை மறுபடி கையில எடுத்துக்கிட்டாங்க: "பகவான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான், டீச்சர். ஆத்துல தூங்கிண்டிருக்காரே, அவர்னா நெனச்சுப்பார்!"

ராமு ஒரு சோம்பேறிப் பையன்

பாடப் புத்தகத்துல ராமுன்னு ஒரு பையன். 'ராமு இஸ் எ லேஸி பாய். ஹீ கெட்ஸ் அப் லேட்.' இதைப் படிக்கச் சொல்லி செல்லக்கனியை எழுப்பினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்க, பாண்டி பஜார்ல ஜவுளிக்கடை. கழுத்துல கெடக்கற சங்கிலியே ஒரு பாரம் இருக்கும், நல்ல சிரிச்ச முகம். புத்தகத்தைத் தூக்கிப் புடிச்சா, 'ராமு'மேல வெரலை வெச்சு மூடிட்டு, "இஸ் எ லேஸி பாய்"னு ஆரம்பிச்சா. யாரும்மா லேஸி பாய்னேன். வாயைப் பொத்திக்கிட்டு, "அவுக பேருல்லா டீச்சர் இது? சொன்னா நாக்கு அழுவிராதா?"ன்னா. கடைக்காரர் பேரு ராமசாமியாம். அதுவும் நேரா சொல்லலை. பக்கத்துல இருந்தவ காதுல சொல்லி, அவ எனக்குச் சொன்னா. வீட்டுக்காரர் பேரைச் சொன்னா நாக்கு அழுகிடும்ங்கற இந்த வழக்கம் உங்க வீட்லயும் இருந்திருக்கும். ரேஷன் கடையில பேர் கேட்டா, கூட வந்த குழந்தையை முன்னால தள்ளி விடுவோமே, அதேதான்.

சரி, ராமுவை அடிச்சுட்டு கோபுன்னு போர்டுல எழுதினேன். மூணாவது பெஞ்சுல ஒருத்தி எழுந்து நின்னா. அவ வீட்டுக்காரர் கோபாலன். அதையும் அழிச்சேன். முருகன், வேலுன்னு எதை எழுதினாலும் யாராவது ஒருத்தி தலையக் குனிஞ்சுக்கறா. இந்துப் பேரே வேண்டாம்னு பீட்டர்னு எழுதிட்டு, "எங்கே, என் கூட சொல்லுங்க"ன்னு வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்னுடுச்சு. எங்க வீட்ல இவங்க பேரு அதுதான். கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல சாமியார் சொல்லச் சொன்னப்போ சொன்னது, அதுக்கப்புறம் இந்த வாயால சொன்னதில்லை. 'என்னங்க', வெளியில 'பிள்ளைங்க அப்பா', அவ்வளவுதான். க்ளாஸ் மொத்தமும் என் வாயையே பாக்குது. செல்லக்கனிக்கு மொதல்ல புரிஞ்சுடுச்சு: "சொல்லுங்க டீச்சர், சும்மா சொல்லுங்க. நாக்கு அழுவுதான்னு நாங்களும் பாக்கோம்!"

ஆழ்வார்பேட்டை டாக்டர்

க்ளாஸ்ல படிச்சதை வெளியில பேசிப் பழகுங்கன்னு எல்லா டீச்சரும் சொல்றதை நானும் சொல்லித் தொலைச்சேன். செல்லக்கனி அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. அவ வீட்டுக்காரருக்கு ஒரு நாள் காய்ச்சல், வாந்தி. ஆழ்வார்பேட்டையில ஒரு டாக்டர், வெளிநாட்டுல படிச்சவர், தமிழ் தெரிஞ்சாலும் இங்கிலீஷ்தான் பேசுவாரு. கடை போன்லேர்ந்து அவரைக் கூப்பிட்டு, என் க்ளாஸ் மானத்தைக் காப்பாத்தறதா நெனச்சு, "டாக்டர், தே ஹேவ் ஃபீவர். தே ஆர் வாமிட்டிங். தே ஆர் லையிங் டௌன். கம் சூன்"னு பொரிஞ்சு தள்ளியிருக்கா. ஒரு எடம் தடங்கல் இல்லை. அவளே பெருமையா சொன்னா.

டாக்டர் என்ன நெனைப்பாரு? கல்யாண வீட்டுச் சாப்பாடு கெட்டுப் போய் ஜவுளிக்கடை மொத்தமும் சுருண்டு கெடக்குதுன்னு நெனச்சுட்டாரு. குளுக்கோஸ் பாட்டில், ஊசி, மருந்துன்னு பெட்டி பெட்டியா கார்ல ஏத்திக்கிட்டு, கம்பவுண்டரையும் இழுத்துக்கிட்டு வந்து எறங்கியிருக்காரு. கடைக்குப் பின்கட்டு வீட்டுக்குள்ள போனா கட்டில்ல ஒரே ஒரு ராமசாமி, ஓமத் தண்ணி குடிச்சு வாந்தியும் நின்னு, பேப்பர் பாத்துட்டிருக்காரு. டாக்டர் கௌரவமானவர், நாடி பாக்க உட்கார்ந்துட்டாரு. ரெண்டு கையிலயும் பெட்டியைத் தூக்கிட்டு வந்த கம்பவுண்டர்தான் மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாராம்: "இன்னாமா நீ, ஊரே வாந்தி எடுக்குதுன்னு ஓடியாந்தா, நைனா ஒருத்தரு குந்திக்கினு பேப்பர் படிச்சிக்கினு கீறாரு!"

மூத்தார்

இதுக்குள்ள கோமதிக்கு மேனேஜரைப் பாக்கற நாள் கிட்ட வந்துடுச்சு. மத்ததெல்லாம் நல்லாவே பேசினா. போன் எடுக்கறது, இருங்கன்னு சொல்றது, யாரு பேசறீங்கன்னு கேக்கறது, எல்லாம் சுத்தம். வீட்டுக்காரர்கிட்ட வந்தா மட்டும் 'தே'. போன் எடுக்கற பொம்பளை ஒரு ஆளைப் பல ஆளா சொன்னா எந்த மேனேஜர் வேலை குடுப்பாருன்னு எனக்குத் தூக்கமே போச்சு. பஸ்ஸுல வரும்போதும் அவளுக்காக நானே 'ஹீ டைடு, ஹீ டைடு'ன்னு முனகிட்டு வருவேன், பக்கத்துல இருக்கறவங்க நகர்ந்து உட்காருவாங்க.

அப்போதான் ஒரு நாள் கீழேர்ந்து ஒரு குரல், "கோமதி இருக்கா?"ன்னு. எட்டிப் பார்த்தா, வெள்ளை வேட்டி, கையில குடை, மிஷின் மாவு மேல படாம ஒதுங்கி நிக்கறாரு மூத்தார். கோமதி சடார்னு எழுந்து முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, கதவுக்குப் பின்னால போயிட்டா. அவர் முன்னால உட்கார்ந்ததும் கெடையாது, நேருக்கு நேர் பேசினதும் கெடையாது. "பெரியவங்க வந்திருக்காங்க டீச்சர்"னு கதவுக்குப் பின்னாலேர்ந்து ரகசியமா சொன்னா. நான்தான் எறங்கிப் போனேன். அவர் என்னையும் நேரா பாக்கலை, ஏழுமலையைப் பாத்து என்கிட்ட பேசினாரு. வீட்ல மருமகளுக்குப் பிரசவம், ஆள் இல்லாம திண்டாட்டம், இவ இங்க பொழுதைப் போக்கறா, கம்பெனிக்கு இவ தனியா போக வேண்டாம், தானும் கூட வந்து மேனேஜர்கிட்ட பேசிட்டு, அப்படியே அரக்கோணத்துக்குக் கூட்டிட்டுப் போயிடறாராம். அந்தப் பொண்ணு நல்லா படிக்குதுங்க, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிப் பார்த்தேன். குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு சொன்னாரு: "இங்கிலீஷ் எதுக்கும்மா? எங்க வீட்டு இட்லிப் பானைக்கு இங்கிலீஷ் தெரியாது."

மேனேஜர் ரூம்

அன்னிக்குக் கோமதி என்னையும் கூட வரச் சொன்னா. எனக்கு முட்டி வலி அப்பவே ஆரம்பம், ஈக்காட்டுத்தாங்கல்ல பஸ்ஸை விட்டு எறங்கினா கம்பெனிக்கு நல்ல நடை, ரெண்டு பக்கமும் பட்டறை, தட்டற சத்தம், வெல்டிங் வெளிச்சம். போனேன். ரூமுக்கு வெளிய என்னை ஒரு பெஞ்சுல உட்கார வெச்சாங்க. கதவு பாதி திறந்திருந்தது, உள்ள நடக்கறது அப்படியே தெரிஞ்சுது. மூத்தார் முன்னால போய், கோமதிக்குப் போட்டிருந்த நாற்காலியில தானே உட்கார்ந்துக்கிட்டாரு. அவ நாற்காலிக்குப் பின்னால, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு நின்னா. மேனேஜர் வாயைத் திறக்கறதுக்குள்ள இவரே, "சார், ஷீ நோ இங்கிலீஷ். ஷீ ஒன்லி குக்கிங். ஐ டேக் டு மை ஹவுஸ்"னாரு. போச்சுன்னு நெனச்சேன். மேனேஜர் அவரை விட்டுட்டு கோமதியைப் பார்த்து, உங்க வீட்டுக்காரர் எப்படி வேலை செஞ்சாருன்னு இங்கிலீஷ்ல மெதுவா கேட்டாரு. நான் பெஞ்சுல இருந்து உதட்டை அசைச்சு 'ஹீ, ஹீ'ங்கறேன். அவ என் பக்கமே திரும்பலை. "தே வொர்க்ட் வெரி வெல், சார். தே லைக்ட் திஸ் கம்பெனி. தே டைடு"ன்னு நிறுத்தினா. நான் கண்ணை மூடிக்கிட்டு மாதாவே காப்பாத்துன்னேன்.

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாரு. அப்புறம் நாற்காலியைக் காட்டி, இந்த ஜென்டில்மேன் யாருன்னாரு. கோமதி நாற்காலிக்குப் பின்னாலேர்ந்து முன்னால வந்தா. முந்தானையை எடுத்து இடுப்புல சொருகினா. அவளை அப்படி நான் பாத்ததே இல்லை. "ஹீ இஸ் மை ஹஸ்பண்ட்ஸ் பிரதர், சார். ஹீ வாண்ட்ஸ் எ குக். ஐ ஆம் நாட் எ குக். ஹீ இஸ் கோயிங் நௌ." மூணு 'ஹீ'யும் ஆணி அடிச்ச மாதிரி விழுந்துது. மூத்தாருக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். மூஞ்சி கறுத்து, குடையைத் தேடி எடுத்துக்கிட்டு எழுந்தாரு. என்னைத் தாண்டி விறுவிறுன்னு வெளிய போயிட்டாரு. மேனேஜர் காலியான நாற்காலியைக் கோமதிக்குக் காட்டி, 'ப்ளீஸ் சிட்'னாரு. உட்கார்ந்தா. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாரு.

திரும்பி வரும்போது பஸ் வர்ற வழியாக் காணோம். எனக்குக் கோபமா, சந்தோஷமான்னே தெரியலை. "ஏம்மா, அப்போ உனக்கு வித்தியாசம் தெரிஞ்சுதான் இருக்கு! இத்தனை நாளா என் தொண்டையை எதுக்கு வாங்கினே?"ன்னு கேட்டேன். அவ இடுப்புல சொருகின முந்தானையை இன்னும் எடுக்கலை. பஸ் வர்ற பக்கமே பாத்துட்டு சொன்னா: "வித்தியாசம் மொத நாளே புரிஞ்சுடுச்சு டீச்சர். சொல்றதுக்குத்தான் ஆள் கெடைக்கலை."

ஆக, தொண்டைத் தண்ணி வத்த நான் சொல்லிக் குடுத்த 'ஹீ'க்கு முழு அர்த்தமும் புரிஞ்சுக்கிட்டது ரெண்டே ரெண்டு பேர்தான்: கோமதியும், ஒரு நாள்கூட என் க்ளாஸ் படியேறாத அவளோட மூத்தாரும்.